மேற்கு ஜன்னல் யாருடையது

டாக்டர் பாண்டியம்மாள் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை, காலை ஆறரை மணிக்கு, கோச்சடையில் என் வீட்டு வாசலில். எங்கள் துறையின் ஆய்வகப் பணியாளர் கருப்பையா சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார். “அண்ணே, டாக்டரம்மா போயிட்டாங்க. காமாலை முத்திப்போச்சாம். ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிருச்சு.” இரண்டாவது முறை, அதே நாள் பதினொரு மணிக்கு, கல்லூரியில் என் மேசைமேல் ஒரு தாளாக வந்தது. துறைத் தலைவர் கைப்பட எழுதிய இரங்கல் தீர்மானம் அது. நான் இயற்பியல் துறையின் தட்டச்சர். மறுநாள் கூட்டத்துக்கு அதை அடித்துக் கொடுக்க வேண்டும். நான்காவது வரி இப்படி இருந்தது: ‘அன்னார் கற்பித்தலோடு ஆராய்ச்சியிலும் ஓரளவு ஆர்வம் காட்டினார்.’

ஓரளவாம். முதல் செய்திக்கு அழுதேன். இரண்டாவது செய்திக்கு வந்த கோபம் இதை எழுதும் இந்த நாள்வரை இறங்கவில்லை. அவரை அறிந்த நீங்கள் கல்லூரியின் இந்த நினைவு இதழில் நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அமைதியானவர், எளிமையானவர், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் அமைதியாக இருந்ததால் யார் யாருக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்பதையும் யாராவது எழுதியாக வேண்டும் அல்லவா?

அவர் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். தம்பி கல் குவாரிக்குப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து பஸ் ஏறிப் படித்து, டாக்டர் பட்டம் வாங்கி, எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கல்லூரிக்கு விரிவுரையாளராக வந்தார். தல்லாகுளத்தில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். விரிவுரையாளராக வந்தவர் விரிவுரையாளராகவே போய்ச் சேர்ந்தார். இடையில் அவருக்கு என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கோபத்தை என்னிடமிருந்தே தொடங்குவதுதான் நியாயம். முதல் ஆறு மாதம் அவர் கொடுக்கும் தாள்களையெல்லாம் கட்டின் அடியில் போட்டு வைத்தேன். பெண், சின்ன வயது என்பது ஒரு காரணம். எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டது இன்னொரு காரணம். எனக்கும் மேற்கே ஒரு கிராமம் உண்டு, அங்கே எங்கள் வயலில் வேலை செய்ய வந்தவர்களும் உண்டு. இதற்குமேல் விளக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. ஒரு நாள் வந்து, “அண்ணே, எழுத்து மட்டும் நீங்க அடிங்க. சின்னமெல்லாம் வர்ற எடத்துல எடம் விட்ருங்க, நான் வந்து போட்டுக்கிறேன்,” என்றார்.

சின்னம் என்று அவர் சொன்னது கணக்கில் வரும் கிரேக்க எழுத்துகளை. என் மெஷினில் அவை கிடையாது. மற்ற ஆசிரியர்கள் அவற்றை என் தலையில் கட்டிவிடுவார்கள், நானும் தெரிந்தும் தெரியாமலும் கிறுக்கி வைப்பேன். அன்றிலிருந்து டாக்டர் பாண்டியம்மாளின் தாள்களுக்கு மட்டும் வேறு முறை வந்தது. நான் இரண்டு தட்டு, மூன்று தட்டு இடம் விட்டு அடிப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தன் மைப்புட்டியோடும் தொட்டெழுதும் பேனாவோடும் என் மேசைக்கு எதிரே முக்காலி போட்டு உட்காருவார். ஒவ்வோர் இடைவெளியிலும் அச்சுக் கோத்ததுபோல் ஒரு எழுத்து வந்து உட்காரும். மை காயும்வரை தாளை மூட விடமாட்டார். அந்த மத்தியானங்களில்தான் நான் மெல்ல மெல்ல மனிதனானேன், அவருடைய தாள்களும் கட்டின் மேலே வந்தன.

அவர் என்ன ஆராய்ச்சி செய்தார் என்பதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். படிகங்கள் வளர்ப்பது அவர் வேலை. சோதனைக்குழாயில் கூழ் மாதிரி ஒன்றை உறையவைத்து, அதன்மேல் உப்புக் கரைசலை ஊற்றிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தக் கூழுக்குக் கருப்பையா நொங்கு என்று பெயர் வைத்திருந்தார். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். அந்த நொங்குக்குள் படிகங்கள் முளைக்கும். சிக்கல் என்னவென்றால், குழாய் முழுக்கப் பொடிப் பொடியாக முளைத்து ஒன்றும் தேறாது. ஒன்றிரண்டு மட்டும் பெரிதாக, மாசில்லாமல் வளர்ந்தால்தான் கருவிகளுக்கு ஆகும். அதற்கு வெப்பநிலை ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது அப்போது எங்கள் துறையில் வேதவாக்கு. அதற்கென்றே சூடு மாறாமல் காக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். கரண்ட் இருக்கும் நாட்களில் அது வேலை செய்யும்.

“என் தம்பி கல்ல ஒடைக்கிறான், நான் கல்ல வளக்குறேன். ரெண்டு பேருக்கும் வெயில்தான்,” என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். வெயில் என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. ஒரு மே மாத விடுமுறையில், தொட்டியில் இடம் போதாமல் சில குழாய்களை மேற்கு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மதுரையில் மேற்கு ஜன்னல் மேடை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் கை வைக்க முடியாது, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல ஆறும். ஜூனில் கல்லூரி திறந்தபோது தொட்டிக்குள் வழக்கம்போல் பொடி. ஜன்னலில் இருந்த குழாய்களில் ஒன்றோ இரண்டோ படிகம்தான், ஆனால் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு. கெட்டுப்போன குழாய்கள் என்று நினைத்துக் கருப்பையா அவற்றைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் பாண்டியம்மாள் வராந்தாவில் வழிமறித்து வாங்கினார்.

பகல் சூட்டில் பொடிகள் கரைகின்றன, கரைந்தது இரவின் குளிர்ச்சியில் பெரிய படிகத்தின்மேல் போய்ப் படிகிறது, தினமும் இப்படியே நடந்து சின்னது மறைந்து பெரியது வளர்கிறது. இதுதான் அவர் கண்டது. வெயில் கெடுக்கிறது என்று எல்லோரும் தொட்டிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தபோது, வெயிலே வேலையைச் செய்யும் என்று சொன்னவர் அவர். இதற்குக் கரண்ட் வேண்டாம், தொட்டி வேண்டாம், ஒரு ஜன்னல் போதும்.

உடனே எழுதிவிடலாமே என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “இது சித்திர வெயில் செஞ்ச வேல. ஐப்பசி மழையில என்ன பண்ணுது, மார்கழிப் பனியில என்ன பண்ணுதுன்னு பாக்கணும்ண்ணே. மூணு பருவமும் பாக்காம எழுதுனா அது பேப்பர் இல்ல, வெறும் சேதி.” அப்படியே பார்த்தார். காலை, உச்சி, மாலை என்று நாளுக்கு மூன்று முறை ஜன்னல் மேடையின் வெப்பநிலையைக் குறித்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார், தீபாவளியன்றும் வந்தார். ஒரு சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு கட்டுரைக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. மற்றவர்கள் அந்த நேரத்தில் ஆளுக்கு ஐந்தாறு கட்டுரைகளைத் தள்ளிவிட்டார்கள். அவையும் என் மெஷினில் அடித்தவைதான் என்பதால், அவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்காமல் இருப்பது நல்லது.

துறைத் தலைவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அச்சில் அவருக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே இடம் கிடைத்துவிட்டது. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட மாட்டார். தலைப்பைப் பார்ப்பார், தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார், பேனாவைத் திறப்பார். மேடைப்பேச்சும் அப்படியே. நான் அடித்துக் கொடுத்ததை மேடையில்தான் முதன்முதலாகப் பார்ப்பார். குரல் வெண்கலக் குரல், ஏற்ற இறக்கம் அருமையாக இருக்கும். கேட்பவர்கள் அவர் சொந்தமாகப் பேசுகிறார் என்றே நினைப்பார்கள்.

ஜன்னல் கட்டுரையைப் பாண்டியம்மாள் தன் ஒரே பெயரில் எழுதியிருந்தார். வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பத் தலைவரின் கடிதம் வேண்டும் என்பது எங்கள் துறை வழக்கம். கைப்பிரதி அவர் அறைக்குப் போயிற்று. மூன்று நாள் கழித்து என் மேசைக்கு வந்தபோது பாண்டியம்மாள் பெயர்மேல் பென்சிலால் ஒரு கோடு. மேலே தலைவரின் பெயர். அதற்குப் பக்கத்தில் அவருடைய அக்காள் மகன் பெயர். அந்தப் பையன் அப்போது எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவர், மேற்கு ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. டாக்டர் பாண்டியம்மாள் கடைசிப் பக்கத்து நன்றி வரிக்கு இறக்கப்பட்டிருந்தார். சோதனைகளில் உதவியதற்காக அவருக்கும், தட்டச்சு செய்ததற்காக எனக்கும் ஒரே வரியில் நன்றி.

நான் அதை அடித்தேன். குடும்பம் இருக்கிறது, வேலை தற்காலிகம் என்று எனக்கு நானே நூறு சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். பிறகுதான் உறைத்தது. சின்னங்களைப் போட அவரிடம்தானே தாள்களைக் கொடுக்க வேண்டும்? என்ன செய்வதென்று தெரியாமல் முதல் பக்கத்தை உருவி மேசை டிராயரில் போட்டுவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து கொடுத்தேன்.

அவர் பேனாவை மையில் தொட்டார். தாளைப் பார்த்தார். “மொதப் பக்கம் எங்கண்ணே?”

“அதுல சின்னம் ஒண்ணும் இல்ல மேடம்,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனாவைப் புட்டிமேல் படுக்க வைத்துவிட்டு எழுந்து தலைவர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் என்ன கேட்டார் என்பது எனக்குக் கேட்கவில்லை, பதில் வராந்தா முழுக்கக் கேட்டது. “உங்களுக்கெல்லாம் இந்த வேல கெடச்சதே பெரிசும்மா. பேரு அது இதுன்னு அலையாதீங்க.” அந்த ‘உங்களுக்கெல்லாம்’ யார் யாரைக் குறிக்கும் என்பது அன்று வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கலைந்து போனோம்.

அவர் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தாளைக் கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவர் பேனாவை எடுத்து முதல் இடைவெளியில் முதல் எழுத்தைப் போட்டார். அடுத்ததைப் போட்டார். கடைசிப் பக்கம்வரை, நன்றி வரியையும் தாண்டி, ஒன்று விடாமல் நிரப்பினார். எதற்காக மேடம் இன்னும் போடுகிறீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“எடத்த அப்பிடியே விட்டா எவனாச்சும் தப்பான எழுத்தப் போட்ருவான்ண்ணே. அப்பறம் எந்த ஊர்லயோ ஒருத்தி கணக்கு வரலையேன்னு ஒக்காந்து அழுதுக்கிட்டு இருப்பா. அவ என்ன பாவம் பண்ணா?”

இந்த வார்த்தையை நான் இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பெரிய மனசு என்று நீங்கள் மெச்சலாம். எனக்கு மெச்ச வரவில்லை. இப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பித்தானே தலைவரைப் போன்றவர்கள் பென்சிலை எடுக்கிறார்கள்?

கட்டுரை வெளிவந்தது. சில மாதத்தில் கார்டுகள் வரத் தொடங்கின. அந்த வழக்கத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையைத் தனியாக அச்சடித்து எழுதியவருக்கு ஒரு கட்டு அனுப்புவார்கள். அதற்கு ரீபிரிண்ட் என்று பெயர். எங்கோ இருக்கும் ஆராய்ச்சியாளருக்கு அது தேவையென்றால் ஒரு தபால் கார்டு போட்டுக் கேட்பார். எங்கள் துறையில் மற்றவர்களின் கட்டுரைக்கு எப்போதாவது ஒரு கார்டு வந்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசுவார்கள். ஜன்னல் கட்டுரைக்கு வாரம் தவறாமல் வந்தன. மழையும் வெயிலும் உள்ள நாடுகளிலிருந்துதான் அதிகம் வந்தன. ‘எங்களிடமும் தொட்டி இல்லை, வெயில் நிறைய இருக்கிறது’ என்று ஒருவர் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார். எல்லாம் தலைவர் பெயருக்கு வந்தன. அவர் தபால்தலையைக் கிழித்துக்கொண்டு கார்டைக் குப்பையில் போடுவார். நான் பொறுக்கி ஒரு செருப்பு டப்பாவில் சேர்த்தேன். சந்தேகம் கேட்டு எழுதியவர்களுக்குப் பாண்டியம்மாள் பதில் எழுதினார், நான் அடித்தேன், தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். உலகத்தில் பல ஆய்வகங்களில் ஜன்னலோரத்தில் குழாய்கள் ஏறின. அது எங்கள் கல்லூரி மேற்கு ஜன்னலிலிருந்து போனது.

அந்த ஜன்னலைப் பார்க்கவே ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி வந்தார். சென்னைக்கு ஏதோ மாநாட்டுக்கு வந்தவர், ரயிலேறி மதுரைக்கும் வந்துவிட்டார். அன்று டாக்டர் பாண்டியம்மாளுக்கு வேறொரு கட்டடத்தில் தேர்வுக் கண்காணிப்பு போடப்பட்டிருந்தது. தற்செயலாம். தலைவர் விருந்தாளியை நேராகத் தண்ணீர்த் தொட்டியிடம் அழைத்துப் போனார். சூடு மாறாமல் இருப்பதுதான் எங்கள் வெற்றியின் ரகசியம் என்று பத்து நிமிடம் விளக்கினார். கட்டுரை சொன்னதற்கு நேர் எதிர். தன் பெயர் போட்ட கட்டுரையை அவர் தலைப்புக்குமேல் படித்திருக்கவில்லை. அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டு முடித்துவிட்டு, ஜன்னல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார், நான் கருப்பையாவைப் பார்த்தேன். கருப்பையாவுக்கு ஆங்கிலம் தெரியாது, விரல் இருந்தது. நீட்டினார். விருந்தாளி ஜன்னல் மேடையில் கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார், பிறகு சிரித்தார். யார் இதைச் செய்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று சொல்லியிருப்பேனா என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

மறுநாள் இதைப் பாண்டியம்மாளிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தால், “கைய வச்சுப் பாத்தாரா? சுட்டுச்சா?” என்று மட்டும் கேட்டார். சுட்டது என்றேன். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

சில வருடம் கழித்துப் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் நடந்தது. டாக்டர் பாண்டியம்மாள் போனார். தலைவரின் அக்காள் மகனான அந்த மருமகனும், ஜன்னல் கட்டுரையை முதல் சான்றாக வைத்துக்கொண்டு, போனார். தேர்வுக் குழுவில் வெளியூர்க்காரர் ஒருவர் பாண்டியம்மாளிடம், உங்கள் துறையிலேயே ஜன்னல் கட்டுரை போன்ற பெரிய வேலை நடந்திருக்கிறதே, நீங்கள் ஏன் அப்படி ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டாராம். தலைவர் அதே மேசையில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் என்னிடம் இதைச் சொன்னபோது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “மூணு பருவம் பாக்கணும் சார், நேரமாகும்னு சொன்னேன்,” என்றார். வேலை மருமகனுக்குப் போயிற்று. அதன்பிறகு அவர் சொந்தப் பெயரில் சில கட்டுரைகள் எழுதினார். எண்ணிக்கையில் குறைவுதான், ஒவ்வொன்றும் மூன்று பருவம் பார்த்தது. எண்ணத் தெரிந்தவர்களுக்கு எடை போடத் தெரியவில்லை என்றால் அதற்கு அவர் என்ன செய்வார்?

கல்லூரிப் பிள்ளைகளுக்கான ஒரு வெளிநாட்டுப் பாடநூல் எங்கள் துறைக்கு வந்தது. அதில் ஜன்னலும் குழாய்களும் ஒரு படமாக இருந்தன. பாண்டியம்மாள் கட்டுரைக்காகக் கையால் வரைந்த அதே படம், கீழே தலைவர் பெயர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினேன். அவர் புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “பேரு போனாப் போகுது. கோடு என்னோடதுதான்ண்ணே,” என்றார். பேரு ஏன் போக வேண்டும் என்று நான் சத்தம் போட்டேன். அவர் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அன்று பதினொரு மணிக்கு ‘ஓரளவு ஆர்வம்’ என்ற தாளின் முன் உட்கார்ந்தேன். திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்வதாகும். முதல் மூன்று வரியை அப்படியே அடித்தேன். நான்காவது வரியில் விரல் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அந்த வரிக்குப் பதிலாக இப்படி அடித்தேன்: ‘மேற்கு ஜன்னலில் வளர்த்த படிகங்களைப் பற்றி என் பெயரிலும் என் மருமகன் பெயரிலும் வெளிவந்த கட்டுரை முழுக்க முழுக்க அன்னாருடைய உழைப்பு. அதில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை.’ தட்டச்சர் செய்யக் கூடாத காரியம் இது என்று எனக்குத் தெரியும். செய்யக் கூடாத காரியத்தை ஏற்கெனவே ஒரு முறை, சொன்ன சொல் மாறாமல், செய்தவன் நான்.

தாளை அவர் மேசையில் வைத்தேன். தலைப்பைப் பார்த்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் மறுநாள் பெரிய வகுப்பறையில் நடந்தது. ஆசிரியர்கள், மாணவர்கள், கடைசி வரிசையில் கருப்பையா. முன்வரிசையில் மேலூரிலிருந்து வந்த தம்பி. மொட்டை அடித்திருந்தார், புது வேட்டியைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். தலைவர் எழுந்து வெண்கலக் குரலில் படிக்கத் தொடங்கினார். முதல் மூன்று வரி முடிந்தது. நான்காவது வரியிலும் சுருதி பிசகவில்லை. ‘முழுக்க முழுக்க அன்னாருடைய உழைப்பு’ என்ற இடத்தில் ஓர் அழுத்தமே கொடுத்தார். அடுத்து ‘அதில் நான்’ என்றார். அங்கே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம் என்ற கடைசி வரிக்குத் தாவிவிட்டார்.

எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். உட்காரச் சொன்னபோது தம்பி மட்டும் உட்காரவில்லை.

“அய்யா, அப்ப அது எங்கக்கா எழுதுனதா?”

பிறகு பேசிக்கொள்ளலாம் என்பதுபோல் தலைவர் கையைக் காட்டினார்.

“இல்லய்யா, அக்கா வீட்டுல ஒரு வார்த்த சொன்னதில்ல. அதான் கேக்குறேன்.”

தலைவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். முன்வரிசையில் எத்தனையோ டாக்டர் பட்டங்கள் உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, தாளில் காட்டிய தைரியம் தாளோடு முடிந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து கருப்பையாதான் எழுந்தார். “ஆமா தம்பி. அம்புட்டும் ஒங்கக்கா செஞ்சதுதேன். குழா கழுவுனது நானு. எனக்குத் தெரியும்.”

தம்பி கையெடுத்துக் கும்பிட்டார், கருப்பையாவைப் பார்த்து. பிறகு உட்கார்ந்தார்.

என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. துறையில் வேறு தட்டச்சர் இல்லாததால் அதையும் நானே அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தலைவர் அதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டார், சில பேர் திருந்துவதில்லை. என்ன நடவடிக்கை வரும் என்று தெரியவில்லை. வரட்டும். ஆய்விதழுக்கும் எழுதியிருக்கிறேன், பாண்டியம்மாள் கைப்பட எழுதிய பிரதியின் விவரத்தோடு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய மேசையைக் காலி செய்ய வந்த தம்பி மைப்புட்டியையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தார். “அக்கா ஒங்களப் பத்திச் சொல்லும். நல்ல மனுசன், கையெழுத்துதான் கோழிக் கிறுக்கல்னு,” என்றார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இதுதான்: அந்தப் புட்டி, அந்தப் பேனா, ஒரு செருப்பு டப்பா நிறையக் கார்டுகள், அலமாரி அடியில் மிச்சமிருக்கும் ஒரு கட்டு ரீபிரிண்ட்.

போன வாரம்கூட ஒரு கார்டு வந்தது. எங்கோ ஒரு வெயில் ஊரில் ஒரு பெண் ஆராய்ச்சியாளர் ஜன்னல் கட்டுரை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு ரீபிரிண்ட்டை எடுத்தேன். ஒரு காலத்தில் முதல் பக்கத்தை டிராயரில் ஒளித்து வைத்தவன் நான். இப்போது அதைத்தான் மேசைமேல் விரித்தேன். அச்சில் இருக்கும் இரண்டு பெயர்களுக்கு மேலே போதுமான இடம் இருக்கிறது. அவருடைய பேனாவை அவருடைய மையில் தொட்டு, என்னால் முடிந்த அளவு திருத்தமாக, டாக்டர் பாண்டியம்மாள் என்று எழுதினேன். மை காயும்வரை காத்திருந்துவிட்டுத்தான் உறைக்குள் வைத்தேன்.